வெளியே போகாத சொட்டு

"வண்டி எங்க நிக்கும்? வெயில்லயா, மழையிலயா?" என்று கேட்டுக்கொண்டே இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து உருவுவார். மழை என்று பதில் வந்தால் டேப் மறுபடி கழுத்துக்கே போய்விடும்.

"மழைக்கு உறை வேண்டாங்க. நனையட்டும். விட்டதும் நல்ல தண்ணி ஊத்தி, மெத்துன்னு ஒரு துணியால ஒத்தி எடுங்க. தேச்சுடாதீங்க, மண்ணு கீறிடும். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு கை மெழுகு பூசுங்க, போதும்."

எங்கள் தெருமுனையில் கார் உறை தைத்துப் பிழைப்பவரின் பேச்சு இது. பக்கத்தில் துணி வெட்டும் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே சொல்வார்: "வர்றவங்களை விரட்டுறதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு வேற!"

மூன்று மழைக்காலங்களுக்கு முன்பு அவரும் கெட்டி பிளாஸ்டிக்கில்தான் தைத்தார். "ஒரு சொட்டு உள்ள போகாது" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லி ஒரு நர்ஸுக்குத் தைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அது முதல் கார், கருநீலம். தினமும் வேலை முடிந்து வந்ததும் நனைந்த வண்டியைத் தவறாமல் போர்த்திவைத்தாள். மழை ஓய்ந்த ஒருநாள் காரோடு கடைக்கு வந்தாள். பானெட் முழுக்க அரிசி அரிசியாகக் கொப்புளம். காற்றில் உறை உரசிய இடமெல்லாம் வெள்ளைக் கோடு.

"நீங்க சொன்ன மாதிரிதாண்ணே போட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

"திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசித் தப்பிச்சிருப்பேன்" என்று இன்றைக்கும் என்னிடம் சொல்வார். அன்று அவளோடு பெயிண்டரிடம் போனார். பெயிண்டர் ஒரு கொப்புளத்தை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெளிய இருக்கிற சொட்டு உள்ள போகாது, சரி. உள்ள மாட்டின சொட்டு எப்படி வெளிய போகும்?"

மிச்சமிருந்த பிளாஸ்டிக் சுருளை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது காற்றுப் புகும் துணி மட்டும்தான்; அதுவும் வெயிலுக்கும் தூசிக்கும், காய்ந்த வண்டிக்கு. மழை மாதங்களில் கடை ஈ ஓட்டுகிறது. இருவரும் பை தைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

போன வாரம், மழை விட்ட கையோடு, வேறெங்கோ வாங்கிய பிளாஸ்டிக் உறையின் கிழிசலைத் தைக்க ஒருவர் வந்தார். மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உறையை வாங்கி மெஷினில் போட்டார். ஒழுங்காகத் தைத்து, நூலைக் கடித்துத் துண்டித்து, உறையோடு வெளியே வந்தார். சொட்டச் சொட்ட நின்ற காரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குடுங்க, நான் போர்த்திக்கிறேன்" என்று வந்தவர் கை நீட்டினார்.

இவர் உறையை அக்குளில் இன்னும் இறுக இடுக்கிக்கொண்டு, மறு கையால் ஒரு துணியை எடுத்து, காரின் கூரையிலிருந்து ஒத்தத் தொடங்கினார்.