காப்பை அவிழ்க்க விடாத சின்னையா

முப்பத்திரண்டாம் வருசத் தைப்பூசத்துல பத்துமலை அடிவாரத்துல நடந்த கூத்து இருக்கே, அப்பப்பா! காவடியை இறக்கி வச்ச சின்னையா, பண்டாரம் காப்பை அவிழ்க்க வந்ததும் எடுத்தான் பாருங்க ஓட்டம்! வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு இவன் முன்னால, திருநீத்துத் தட்டோட பண்டாரம் பின்னால. நான் விடுவேனா? சிரிச்சுக்கிட்டே நானும் ஓடினேன்.

"நேர்த்தி முடிஞ்சா காப்பை அவுக்கணும்டா, மடையா!" பண்டாரம் கத்தினாரு.

"அவுத்தா நான் தொலைஞ்சேன் சாமி! இந்தக் கையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது!"

எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீட்டு வரிசையில எனக்கு அடுத்த வீடு அவன். இஞ்சின் துடைக்கிற வேலை. சம்பள நாளானா கோப்பிக்கடைக்குப் பின்னால சீட்டாட உக்காந்துடுவான். அப்புறம் வீட்டுல உலை வைக்க அரிசி இருக்காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெண்டாட்டி புஷ்பவல்லி, "சீட்டை விட்டாத்தான் வருவேன்"னு சொல்லிட்டு மேருங்கிற ஊர்ல இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அந்த வேகத்துல இவன் காவடி நேர்ந்துக்கிட்டான். மணிக்கட்டுல மஞ்சக் காப்பு ஏறினா கறி, கள்ளு, சூது எதையும் தொடக் கூடாதே. சாமி குத்தம் ஆயிடுமேங்கிற பயத்துல கை தன்னால அடங்கிடுச்சு! அதைத்தான் அந்தப் பாவி கண்டுபுடிச்சிட்டான்.

கடைசியில பண்டாரம் மடக்கிப் புடிச்சு அவுத்தாரு. உடனே, "பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், கட்டுங்க சாமி!"னு அங்கயே உக்காந்துட்டான். உத்திரம் முடிஞ்சா மாரியம்மனுக்குத் தீமிதி. அது முடிஞ்சா கந்த சஷ்டி. சாமிக்கா பஞ்சம் நம்ம ஊர்ல? லயமே அவனைக் காப்பு சின்னையான்னு கூப்பிட்டுச்சு.

சேதி மேருவுக்கும் எட்டுச்சு. புஷ்பவல்லி பெட்டியோட வந்து இறங்கிட்டா! சந்தோசத்துல நான் கேசரி கிண்டி லயம் பூரா குடுத்தேன். ஆனா காப்புக் கட்டினவன் பெண்டாட்டி பக்கத்துல படுக்கலாமா? இவன் வாசல்ல பாயைப் போட்டுட்டான். அவளும் எவ்வளவு நாள்தான் பொறுப்பா? சஷ்டி முடிஞ்சு காப்பு அவுத்ததும் கோயில்லயே வெடிச்சுட்டா.

"இனிமே ஒரு காப்பும் கட்டக் கூடாது. எனக்குப் புருசன் வேணும், சாமியார் வேணாம்!"

அவனுக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. "சம்பள நாள்ல நான் என்னடி பண்ணுவேன்?"

"நீங்களே யோசிங்க."

சம்பள நாளும் வந்துச்சு. நானும் அவளும் தெருமுனையில நிக்கிறோம். வந்துட்டான். கோப்பிக்கடை வாசல்ல கூட்டாளிங்க கூப்பிடுறானுங்க, "வாடா, இன்னிக்குத்தான் காப்பு இல்லையே!" நின்னான். ஒரு காலைத் தூக்கிப் படியில வச்சான். புஷ்பவல்லி முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கிட்டா.

திடீர்னு தெருவே அதிர ஒரு சத்தம்.

"புஷ்பம்! நான் உள்ள போயிடுவேன்டி! ஓடியா, வந்து புடி!"

எங்கிருந்துதான் வந்துச்சோ அவளுக்கு அந்த வேகம்! மாட்டுவண்டிக்குக் குறுக்க பாய்ஞ்சு ஓடி மணிக்கட்டைப் புடிச்சா. அந்தக் காலத்துல நடுத்தெருவுல புருசன் கையைப் புடிக்கிறதாவது! ஊரே வேடிக்கை பார்த்துச்சு. கோப்பிக்கடையிலிருந்து ஒருத்தன் கேலி பண்ணினான்.

"என்ன அக்கா, திருடனைப் புடிச்சுட்டியா?"

அவ கையை விடல. அழுகையும் சிரிப்புமா கேலி பண்ணினவனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா.

"நான் எங்க தம்பி புடிச்சேன்? அவரே புடின்னு கூப்பிட்டாரு!"