சகலையின் கேஜ்

அணுமின் நிலையத்தில் அவரைத் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். உலைக்குள் ஓடும் தண்ணீரின் அழுத்தத்தை அங்கே நான்கு கருவிகள் கவனிக்கின்றன. அழுத்தம் இறங்கினால் உலையை நிறுத்துவது அவைதான். இரண்டைத் திருகாணி சரிபார்ப்பார், மற்ற இரண்டை அவர் மச்சினியின் புருஷன். ஆளும் வேறு, ஒப்பிட்டுப் பார்க்கும் அழுத்தமானியான கேஜும் வேறு. ஒருவர் தப்பு செய்தாலும் நான்கும் சேர்ந்து கெட்டுவிடக் கூடாதே.

அந்தச் சகலையை நினைத்தாலே திருகாணிக்கு வயிறு எரியும். மாமனார் வீட்டில் அவருக்குத்தான் உபசாரம். திருகாணியின் மனைவியே, "அவரு எவ்வளவு பதவிசாப் பேசுறாரு பாருங்க" என்பாள். புது கேஜ் ஒன்றே ஒன்று வந்தபோது அதுவும் சகலைக்கே போயிற்று. திருகாணிக்குப் பழையது, முள் நடுங்குவது.

சகலை லீவு போட்ட ஒரு நாள், திருகாணி அவர் அலமாரியிலிருந்து புது கேஜை எடுத்துத் தன் கருவிகள் இரண்டையும் சரிபார்த்தார். பதிவேட்டில் பழைய கேஜின் எண்ணை எழுதினார். கேஜைத் துடைத்து, மனசே இல்லாமல் திரும்ப வைத்தார்.

மூன்று வாரத்தில் பரிசோதனைக்கூடத்திலிருந்து சேதி வந்தது. புது கேஜ் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டுகிறதாம். சகலையின் முகம் செத்துவிட்டது. திருகாணிக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. காலியாக இருந்த மேற்பார்வையாளர் பதவி இனித் தனக்குத்தான்.

விபத்து நேரும் வாய்ப்பைக் கணக்குப் போடும் அம்மா, திருகாணியும் சகலையும் நின்றிருந்த நிலைய அதிகாரியின் அறைக்கு வந்தார்.

"ரெண்டுதான் சார் கெட்டிருக்கு. மிச்ச ரெண்டும் இவரு பழைய கேஜ்ல பார்த்தது. ஒருத்தர் கேஜை ஒருத்தர் இரவல் வாங்குவாங்களோன்னு விசாரிச்சேன். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாம். அதனால நாலும் ஒண்ணாக் கெடுற வாய்ப்பை ரொம்பக் குறைச்சுப் போட்டிருக்கேன்."

"அப்போ உலை ஓடட்டும்," என்றார் அதிகாரி.

சகலை திருகாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, நீங்க இருந்தீங்கண்ணே."

பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஓட வேண்டாம் சார்," என்றார் திருகாணி. "நாலையும் பார்த்தது அந்த ஒரே கேஜ்தான். இரவல் வாங்கல. பொறாமையில எடுத்துட்டேன்."

அரை மணியில் உலையை நிறுத்தினார்கள். திருகாணியை ஆறு மாதம் வேலையிலிருந்து விலக்கிவைத்தார்கள். மேற்பார்வையாளர் ஆனது சகலை.

இப்போது அந்த அம்மா, நாலும் ஒன்றாகக் கெடும் வாய்ப்பைக் கணக்குப் போடும் முன், வருஷா வருஷம் நோட்டோடு திருகாணியிடம் வருகிறார்.

"இன்னும் வயிறு எரியுதாண்ணே?"

"எரியுதும்மா. எழுதிக்கோங்க."