முதல் ஆட்டம் ஆடியவர்

வெல்டர் ராமலிங்கம் இறந்த செய்தி வந்தபோது, அவர் செய்த ஊஞ்சலுக்கு எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன். பரளச்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறுவர் பூங்கா திறப்பு. ரிப்பன் கட்டியாயிற்று, பிள்ளைகள் வரிசையில் நின்றாயிற்று, ஊராட்சித் தலைவரும் வந்துவிட்டார். அந்த வேலைக்கு ஓவர்சியர் நான். ராமலிங்கம் அண்ணனை இன்னும் காணோமே என்று எரிச்சலோடு போன் போட்டேன். எடுத்தவர் அவருடைய மைத்துனர். "காலையில நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டாகம்மா" என்றார். நான் "சரி" என்றேன். ஒரு சாவுச் செய்திக்கு யாராவது "சரி" என்பார்களா? முந்தின நாள் மாலை அதே ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிய மனிதர் அவர்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி பக்கம் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். புது ஊஞ்சல் எங்கே மாட்டினாலும் முதல் ஆட்டம் அவருடையது. தொண்ணூற்றைந்து கிலோ உடம்பு, கட்டம் போட்ட கைலி. கண்ணை இறுக மூடிக்கொண்டு வானத்துக்கும் தரைக்குமாக ஆடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். இந்த வயதில் இவருக்கு என்ன ஆசை என்று நினைத்தேன்.

நான் இந்த ஒன்றியத்துக்கு வந்த புதிதில் எங்கள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. பிள்ளை முப்பது கிலோ, நாற்பது கிலோ தாங்கும் சங்கிலி தாராளம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். படித்தவள் எழுதியது. அவர் அதைப் படித்துவிட்டு, நேரே போய் மிளகாய் வத்தல் கடையில் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசை இரவல் வாங்கி வந்தார். வேப்பமரக் கிளையில் சங்கிலி, சங்கிலி நுனியில் தராசு, தராசின் கொக்கியில் முப்பது கிலோ மணல் மூட்டை. சும்மா தொங்கும்போது முள் முப்பதில் நின்றது. மூட்டையைப் பின்னுக்கு இழுத்து, துடியான பையன் ஒருவன் ஆடும் உயரத்திலிருந்து விட்டார். என்னைச் செல்போனில் படம் பிடிக்கச் சொன்னார். பிறகு இருவரும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உச்சியில் முள் பதினைந்துக்கு இறங்கியது. அடியைக் கடக்கும்போது அறுபதைத் தொட்டது.

"எல்லாரும் உச்சிக்குப் போறப்பதான் பயப்படுறோம். ஊஞ்சல் அறுறது அடியிலதான், ஓவர்சியரம்மா" என்றார்.

எனக்கு முகம் செத்துப்போயிற்று. அடியில்தான் வேகம் அதிகம். நேரே ஓடப் பார்க்கும் உடம்பைச் சங்கிலி வளைத்து மேலே இழுக்க வேண்டும், எடையையும் சுமக்க வேண்டும். கல்லூரியில் இதையே கணக்காகப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். சங்கிலி தரைக்கு இணையாக நீளும் உயரத்திலிருந்து விட்டால் மூன்று மடங்குகூட வரும் என்று அப்புறம் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்படியானால் மூணு பிள்ளை கனத்தில் இருக்கும் நான் ஆடிப் பார்ப்பது சரிதான் என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

கண்ணை ஏன் மூடுகிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நெசவுக் குடும்பம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், இரும்போடு பேசும்போது மட்டும் பட்டறையிலும் கன்னடம். வெல்டிங்குக்கு வருமுன் விசைத்தறி பழுது பார்த்தவர். அத்தனை தறி இரைச்சலுக்கு நடுவே கெட்ட தறியைக் காதாலேயே கண்டுபிடிப்பாராம். ஊஞ்சலிலும் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்தார். "நின்ன ஊஞ்சல் வாயத் தொறக்காது. கனம் ஏறுறப்பதான் பேசும்" என்பார்.

திறப்புக்கு முந்தின நாள் ஆடி முடித்து வீடு திரும்பியதும் எனக்குப் போன் செய்தார். "இடது கொக்கி எனக்குத் திருப்தியா இல்ல. அடிக்கு வாரப்ப ஒரு சத்தம். காலையில வந்து மாத்திடுறேன். அதுவரைக்கும் பிள்ளைகள ஏத்தாதீங்க." விடிந்தால் திறப்பு விழா, எண்ணெய் போடாத சத்தமாக இருக்கும் அண்ணே என்று சலித்துக்கொண்டேன். எண்ணெய்ச் சத்தம் எனக்குத் தெரியாதா என்று சிரித்தார். அதுதான் கடைசி.

மைத்துனரிடம் பேசிப் போனை இறக்கியபோது தலைவர் ரிப்பனை வெட்டியிருந்தார். ஒரு சிறுமி பலகையில் ஏறி உட்கார்ந்து, உந்துவதற்குக் காலை ஊன்றிவிட்டாள். ஓடிப்போய் இரண்டு சங்கிலியையும் பிடித்துக்கொண்டேன். அவளை இறக்கினேன், அழுதாள். நீங்கள்தானே எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டீர்கள் என்று தலைவர் கேட்டார். போட்டிருந்தேன்.

"ராமலிங்கம் அண்ணன் இன்னும் சரின்னு சொல்லல" என்றேன்.

அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. சங்கிலியை விடக் கை வரவில்லை. பலகையைக் கழற்றி எடுக்கும்வரை அப்படியே நின்றேன்.

மூன்றாம் நாள், பந்தல்குடியிலிருந்து வந்த வெல்டர் அந்தக் கொக்கியை இறக்கிப் பெயின்டைச் சுரண்டினார். வளைவின் உள்பக்கம் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். "இத எப்படிம்மா கண்டுபிடிச்சீக?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம் அண்ணன் ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியதை நானே இரண்டு முறை பார்த்தேன். வெயில் என்றார். சித்திரை வெயிலில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று நானும் விட்டுவிட்டேன். கொக்கி முனகியதைக் கேட்டவர் தன் நெஞ்சு சொன்னதைக் கேட்கவில்லையே என்று அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. பக்கத்தில் நின்ற எனக்கும்தான் கேட்கவில்லை.

அந்தக் கொக்கி இப்போது என் அலுவலக மேசையில் இருக்கிறது. புதுக் கொக்கி மாட்டிய மாலையில் முதல் ஆட்டத்துக்கு ஆள் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறினேன். அவர் கனத்துக்கு நான் எங்கே போக? மணல் மூட்டை ஒன்றை மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணை மூடி, ஒவ்வொரு முறை அடியைக் கடக்கும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இனி இந்த ஒன்றியத்தில் எந்த ஊஞ்சலுக்கும் முதல் ஆட்டம் என்னுடையது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.

இறங்கியதும், அன்று அழுத சிறுமி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மாமா சரின்னுட்டாகளா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டாகத்தா. ஏறிக்க" என்றேன்.