யாரும் கை தூக்காத கார்

இது நடந்தது. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு சிரிப்பு வராது.

யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை இது. லெசியா ஹூமெனுக் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலியும், குளிர்காலத்தில் அதை மூடிவிடும் பனிமேடும்தான். அந்தக் காரின் கண்ணாடியை என் நகத்தாலேயே சுரண்டிப் பார்த்திருக்கிறேன். மற்றதை லெசியா சொல்லிக் கேட்டேன், அவள் தம்பி தாரஸ் சொல்லிக் கேட்டேன். கடைசியில் நடந்ததை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நானே பார்த்தேன்.

எங்கள் ஊர் மனிடோபா மாகாணத்தில், காடும் வயலும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. ஜனவரியில் எச்சில் துப்பினால் கட்டியாக விழும். லெசியாவின் கணவன் ஓரெஸ்டுக்கு அந்த வருஷம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை பெரிய ஊருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். தொடர்ந்து தவறினால் ஆள் பிழைக்கமாட்டான். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய பழைய வண்டி நடுரோட்டில் மண்டையைப் போட்டது.

"ஏலத்துக்குப் போலாம்க்கா," என்றான் தாரஸ். "டன்கன் மைதானத்துல சனிக்கிழமை நெறைய வண்டி வருது."

டன்கனின் மைதானத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். எஞ்சினை மட்டும் உறும விட்டுக் காட்டுவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் டன்கன் அதே வாசகத்தைக் கத்துவான்: "நிக்கிற எடத்துல, நிக்கிற மாதிரியே, உள்ள இருக்கிறதோட!" அப்புறம் சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான். திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்தச் சாம்பல் நிறக் கார் கடைசியாக வந்தது. சொல்லப்போனால் நல்ல கார். துரு இல்லை, எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. டன்கன் ஆரம்ப விலையைச் சொன்னான். துருப்பிடித்த டிராக்டருக்குக்கூட அடித்துக்கொள்ளும் வியாபாரிகள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஒவ்வொருவராக இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

லெசியா கை தூக்கினாள். சுத்தியல் விழுந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நொடித்துப்போன குடும்பம் ஒன்று ஏலத்தில் கை தூக்கினால் மற்றவர்கள் கையை இறக்கிக்கொள்வார்கள். பேசி வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. ஓரெஸ்டின் உடம்பு விஷயம் ஊருக்கே தெரியும். அதனால்தான் விட்டுக்கொடுத்தார்கள் என்று அவள் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். ஒருவன் கையை உருவிக்கொண்டு பனியைப் பார்த்தான். டன்கன் சாவியைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தாரஸ்தான் முதலில் கவனித்தான்.

"அக்கா, பின்பக்கக் கண்ணாடியப் பாரு. இடதுபக்கம். பனி உள்ள படிஞ்சிருக்கு."

குளிர் தேசத்துக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரின் வெளிப்பக்கம் பனி படிந்தால் அது வானத்து வேலை. உள்பக்கம் படிந்தால் உள்ளே யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள்.

"மைதானத்துப் பையன் எவனாவது உள்ள படுத்துத் தூங்கியிருப்பான்," என்றாள் லெசியா. "போடா, வண்டி கெடைச்சதே பெருசு."

மறுநாள் காலை கார் அவள் வீட்டு வாசலில் நின்றது. பூட்டியிருந்தது. அதே கண்ணாடியில், உள்பக்கம், அதே அளவுக்குப் பனி. அவள் சுரண்டி எடுத்தாள். அடுத்த நாள் திங்கட்கிழமை, அன்றும் இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் நகத்தால் சுரண்டினேன். கெட்டிப் பனி. ஒரு ராத்திரி முழுக்க ஒரு ஆள் உட்கார்ந்து மூச்சு விட்டால் எவ்வளவு படியுமோ அவ்வளவு. வெளியே பனித்தரையில் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

"கதவு ரப்பர் போயிருக்கும்," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அன்றைக்குத்தான் முதல் பயணம். ஓரெஸ்ட் முன்னால் உட்கார்ந்தான். அவன் வாய் சும்மா இருக்காது. உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டித்தான் அவனுக்குத் தர வேண்டும், கிழங்கில் இருக்கிற பொட்டாசியம் அவனுக்கு ஆகாது. அதைப் பற்றித்தான் வழியெல்லாம் புலம்பல்.

"நீ தர்றது கெழங்கு இல்ல லெசியா. கெழங்கோட பொணம்."

"உயிரோட இருக்கிற கெழவனுக்கு அது போதும்."

அப்போது மணி அடித்தது.

டிங்... டிங்... டிங்...

பின்சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. பின்சீட்டில் அவள் கைப்பை கூட இல்லை. ஓரெஸ்ட் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"யாருப்பா பின்னாடி? பெல்ட்டப் போடு. வீட்டுக்காரிக்குக் கோவம் வந்தா நடுரோட்டுல எறக்கி விட்ருவா."

டிக்.

மணி நின்றது.

 பிறகு ஓரெஸ்ட் மெல்ல, "பழைய வண்டி," என்றான். லெசியா தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? வண்டியைத் திருப்பினால் அன்றைய சிகிச்சை போய்விடும்.

அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. பயமாக இருந்தது. ஆனால் புதன்கிழமை வந்தது, வெள்ளிக்கிழமை வந்தது. தாரஸ் மரமறுக்கும் ஆலையில் ஷிப்டில் இருந்தான். வேறு வண்டிக்கு வழி இல்லை. அவள் உள்பனியைச் சுரண்டினாள், சாவியைத் திருப்பினாள், ஓட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டு ஓட்டினாள்.

இரண்டாவது வாரம் ஓரெஸ்ட் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வரத் தொடங்கினான். சிகிச்சை முடிந்தால் உடம்பு துவண்டுவிடும், குளிர் நடுக்கும்.

"கால் நீட்ட எடம் இருக்கா?" என்று கேட்டாள் லெசியா.

"ம். நகந்து குடுத்துட்டா."

"யாரு?"

 கண்ணாடியில் பார்த்தாள். தூங்கிவிட்டிருந்தான். தலை, சீட்டில் படவில்லை. கொஞ்சம் உயரமாக, யாருடைய மடியிலோ வைத்தது மாதிரி இருந்தது.

அவள் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துவிட்டு ஊர் வரும்வரை பின்னால் பார்க்கவே இல்லை.

பிப்ரவரியில் அந்தப் புயல் வந்தது. சாயங்காலம்தான் வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. மதியமே வந்துவிட்டது. சிகிச்சை முடிந்து திரும்பும்போது, பாதி வழியில் ரோடு காணாமல் போனது. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. சக்கரம் ஓரத்தில் இறங்கி நின்றுவிட்டது. அவள் தாரஸுக்குப் போன் செய்தாள்.

"வண்டிய விட்டு எறங்காதக்கா. பனி தள்ற வண்டி வருது, சொல்லிட்டேன். பொகைக்கொழாய் மட்டும் அடைக்காம பாத்துக்க."

இது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். சூட்டுக்காக எஞ்சின் ஓட வேண்டும். பனி புகைக்குழாயை அடைத்தால் விஷப்புகை உள்ளே திரும்பும். யாராவது இறங்கிப் போய்க் குழாயைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். பின்சீட்டில் துவண்டு கிடந்த ஓரெஸ்டால் முடியாது.

"ஒரு நிமிஷம். இதோ வந்துர்றேன்," என்றாள்.

காரைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் போனாள். மண்டியிட்டுப் பனியை வாரினாள். கைக்கு வெதுவெதுப்பாகப் புகை பட்டது. நிம்மதி. எழுந்து, தடவிக்கொண்டே திரும்பி வந்தாள். கதவுப் பிடியில் கை வைத்தாள்.

டிக்.

உள்ளிருந்து பூட்டிக்கொண்டது.

"ஓரெஸ்ட்! கதவத் தொற!"

அடுத்த கதவு. பூட்டு. பின்கதவு. பூட்டு. அப்போதுதான் பார்த்தாள். கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் வெள்ளையாக இருந்தன. இறங்கியபோது ஒன்றில்கூடப் பனி இல்லை. சூடு ஓடிக்கொண்டிருந்த கார் அது.

தட்டினாள். குத்தினாள். காற்று அவள் குரலைப் பிய்த்துக்கொண்டு போனது. காதைக் கண்ணாடியில் வைத்தாள்.

உள்ளே ஓரெஸ்டின் குரல் கேட்டது.

"வந்துட்டியா? இவ்ளோ நேரமா?"

பதிலும் கேட்டது. ஒரு பெண் குரல்.

"வந்துட்டேன், வந்துட்டேன். நகரு."

அது லெசியாவின் குரல்.

அவளுடைய அதே குரல்... அதே சலிப்பு... அதே செல்லம்...

அவள் கத்தினாள். "அது நான் இல்ல! ஓரெஸ்ட்... அது நான் இல்ல!"

உள்ளே அவன் சிரித்தான்.

பிறகு பெல்ட் மாட்டுகிற சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

கல் தேடினாள். பனியில் கல் ஏது? முழங்கையால் இடித்தாள். கண்ணாடி அசையவில்லை. விரல்கள் மரத்தன. கடைசியில் எஞ்சின் சூடு இருந்த முன்மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பனி தள்ளும் வண்டிக்காரன் அவளை அப்படியேதான் கண்டெடுத்தான். கார்க் கதவை அவன் ஒரே இழுப்பில் திறந்தான். பூட்டியிருக்கவே இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

ஓரெஸ்ட் உயிரோடு இருந்தான். சிரித்த முகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். காருக்குள் சூடு குறையவில்லை. ஆனாலும் அவன் இடது கன்னமும் காதும் குளிரில் உறைந்து வெந்திருந்தன. மடியில் தலை வைத்தால் எந்தக் கன்னம் படுமோ, அந்தக் கன்னம்.

லெசியாவுக்கு இரண்டு விரல் நுனி போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு அவன் கட்டிலுக்கு ஓடினாள். அவன் அவளை உற்றுப் பார்த்தான்.

"என் வீட்டுக்காரி எங்க? இப்ப வரைக்கும் என் தலையத் தடவிக்கிட்டு இருந்தாளே."

"நான்தான்டா உன் வீட்டுக்காரி. வெளிய நின்னு கத்துனேனே, கேக்கலியா?"

"வெளிய யாரோ ஒரு பொம்பள கத்துனா," என்றான் ஓரெஸ்ட். "பாவம். கதவத் தொறன்னு சொன்னேன். லெசியாதான் வேணாம்னுட்டா."

மயக்கத்தில் பேசுகிறான் என்றார்கள். மயக்கம் தெளியும் என்றார்கள்.

தாரஸ் நேராக டன்கனிடம் போனான். சட்டையைப் பிடித்து உலுக்கியதும் டன்கன் சொல்லிவிட்டான். காரை முன்பு வைத்திருந்தது வடக்கே ஏரிக்கரையில் இருந்த ஒரு கணவன் மனைவி. போன குளிர்காலத்துப் புயல் ஒன்றில் கார் சிக்கியது. மனைவி புகைக்குழாயைப் பார்க்க இறங்கினாள். கணவனை உயிரோடு மீட்டார்கள். "என் மனைவியும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்" என்று அவன் சொன்னதால் யாரும் தேடவில்லை. பனி உருகியபோது அவள் உடம்பு பக்கத்துப் பள்ளத்தில் கிடந்தது. அடையாளம் காட்ட அவனைக் கூட்டி வந்தார்கள். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னானாம்: "இந்தம்மா யாருன்னு தெரியலியே. என் பொண்டாட்டி வீட்ல சமைச்சுக்கிட்டு இருக்கா."

"அப்ப எங்க அக்கா கை தூக்கறப்ப ஏன்யா சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றான் டன்கன். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? எங்களுக்கே நம்பிக்கை இல்ல. ஆனா கை எழும்பல."

அந்தக் காரை தாரஸ் பழைய இரும்பு நசுக்குமிடத்துக்கு இழுத்துப் போனான். தட்டையாகும்வரை நின்று பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. அதைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்: "உள்ள ஒண்ணுமே இல்ல. காலியா இருந்துச்சு."

ஓரெஸ்ட் வீட்டுக்கு வந்தான். இப்போது தாரஸ் ஷிப்டை மாற்றிக்கொண்டு சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறான். ஓரெஸ்ட் பைத்தியம் இல்லை. மைத்துனன் பெயர் தெரியும், நாள் கிழமை தெரியும், கிழங்கைப் பற்றிப் புலம்பவும் தெரியும். லெசியாவை மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய உதவிக்கார அம்மா என்று நினைத்து மரியாதையாக நடந்துகொண்டான். அவளும் பொறுத்துக்கொண்டு, கிழங்கை இரண்டு முறை வேகவைத்துக் கொடுத்தாள்.

வந்து நான்கு நாள் ஆகியிருக்கும். இருட்டத் தொடங்குகிற நேரம். என் கதவைத் தட்டினார்கள். திறந்தால் லெசியா. கோட்டு இல்லை. வீட்டுச் செருப்போடு பனியில் நடந்து வந்திருக்கிறாள். உள்ளே இழுத்து, சமையலறையில் உட்காரவைத்தேன். பல் அடித்துக்கொண்டது. அழவில்லை.

"என்னை அனுப்பிட்டான்," என்றாள்.

"என்ன சொன்னான்?"

"'ரொம்ப நன்றிங்கம்மா. இனிமே நீங்க கெளம்பலாம்... என் வீட்டுக்காரி வந்துட்டா'ன்னான்."

நான் என் ஜன்னல் வழியே அவர்கள் வீட்டைப் பார்த்தேன். சமையலறை விளக்கு எரிந்தது. ஓரெஸ்ட் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். முகம் நிமிர்ந்திருந்தது. எதிரில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

லெசியா என் பக்கத்தில்தான் நின்றாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமையலறையில் ஒரு பெண்ணின் கை நீண்டு, திரைச்சீலையை இழுத்து மூடியது.