தண்ணி நாளில் எடுக்காதே

எங்கள் மேட்டை யாராவது படம் எடுத்தேன் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். ஆசையில் இல்லை, கோபத்தில்.

போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம், கடலைப் பார்த்த சரிவு அது. கீழே ரோடு, மேலே நாங்கள். ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் தகரக் கூரையும் நீல டிரம்மும்தான் தெரியும். டூரிஸ்ட் வண்டி வளைவில் நிற்கும்போது சிலர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் படம் எடுப்பார்கள். அவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்கிறது, அதை விட்டுவிட்டு எங்கள் கொடியில் காய்கிற பாவாடையில் என்ன அதிசயத்தைக் கண்டார்களோ, தெரியாது.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது கேமரா எங்கள் கைக்கே வந்தது. மெயின்லேண்டிலிருந்து ஓர் அமைப்பு, ஏழைப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுத்தருகிறோம் என்று வந்தது. ஒரு மேடத்தை அனுப்பியிருந்தார்கள். சென்னைக்காரர். நல்லவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வரும்போதெல்லாம் பிஸ்கட் வாங்கிவருவார், எங்கள் வீட்டுத் தம்ளரில் முகம் சுளிக்காமல் டீ குடிப்பார். "உங்க ஏரியாவை நீங்களே படமா எடுங்க. உங்க கதையை நீங்கதான் சொல்லணும்" என்றார். அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன்.

மேட்டிலிருந்து நான்கு பேர் சேர்ந்தோம். நான், பக்கத்து வீட்டு பெங்காலிப் பெண், கொத்து வேலை பார்க்கும் ராஞ்சிக்காரர் ஒருவரின் மகன், மேட்டு முனையில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் பாயின் மகன். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில்தான். மெயின்லேண்ட் ஹிந்தி இல்லை, எங்கள் தீவு ஹிந்தி. ஆண், பெண், ஒருவர், பலர் என்று எந்த வித்தியாசமும் பார்க்காது, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கும். மேடத்துக்கு அதைக் கேட்டால் சிரிப்புத் தாங்காது.

நன்றாக எடுத்தவர்களைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய அரங்கில் படத்தைப் போடுவார்களாம். எனக்கு அரங்கம் முக்கியமில்லை. நான் ரயில் பார்த்ததில்லை. தீவில் பிறந்தவர்களுக்குக் கப்பல் தெரியும், விமானம் தெரியும், ரயில் மட்டும் டிவியில்தான். எப்படியும் அதில் ஒரு தடவை ஏறிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவைத்தான் எடுப்பேன் என்று முதலிலேயே சொன்னேன். அம்மா கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் இலங்கை மலையில் கொழுந்து பறித்துவிட்டு, அங்கிருந்து அனுப்பப்பட்டு, இங்கே பால் வெட்டக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு அம்மா கைக்குழந்தையான என்னோடு போர்ட் பிளேர் முகாமுக்கு வந்தாள். முகாமைக் கலைத்ததும் இந்த மேட்டில் ஏறினாள். ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிற வேலை. அப்பா தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் கூலி, பாதி நாள் கடலில்தான் இருப்பார்.

"எடுக்கலாமாம்மா?" என்று கேட்டேன். அம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எடு. எதை வேணா எடு. தண்ணி நாள்ல மட்டும் எடுக்காத."

எங்கள் மேட்டில் வருஷத்தில் இரண்டே விதமான நாள்தான் உண்டு, தண்ணி வருகிற நாள், வராத நாள். கோடையில் தண்ணி தினமும் வராது. வருகிற அன்றைக்கு விடிவதற்கு முன்பே கீழே குழாயடியில் கூட்டம் சேர்ந்துவிடும். படுத்து எழுந்த கோலத்தில், எது மேலே கிடக்கிறதோ அதோடு ஓடவேண்டும். தலை வாரியிருக்காது, வாய் கொப்பளித்திருக்காது. அந்த நேரத்தில் யாரும் யாரையும் பார்க்கமாட்டோம். பார்த்தாலும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டோம். அது எங்கள் மேட்டு மரியாதை, யாரும் சொல்லித்தந்ததில்லை.

"ஏம்மா? எல்லாரும் குடம் தூக்குறதுதானே?" என்றேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "முகாம்ல சோத்துத் தட்டோட வரிசைல நின்னேன். நீ இடுப்புல. ஒருத்தன் வந்து டக்குனு எடுத்துட்டுப் போயிட்டான். என்னை ஒரு வார்த்த கேக்கல. மெயின்லேண்ட்ல உன் பெரியம்மா அத பேப்பர்ல பாத்துட்டு போன் போட்டு ஒரே அழுக. 'ஏன் அழுவுற, நாந்தான் உசுரோட இருக்கேனே'ங்கறேன். 'உன்னைய இந்தக் கோலத்துலயா பாக்கணும்'ங்கறா. கழுத்தளவு தண்ணில உன்னையத் தலைல தூக்கி வெச்சுக்கிட்டு கரையேறுனவ நானு. அத எவன் எடுத்தான்? தட்டு ஏந்துனத மட்டும் எடுத்தான்."

கத்தியை மறுபடி எடுத்தாள். பிறகு, "கேட்டு எடுத்தா படம். கேக்காம எடுத்தா களவு. போ, போயி உன் கேமராவத் தொடச்சு வை" என்றாள்.

நான் வாக்குக் கொடுத்தேன். தண்ணி நாளில் எடுக்கமாட்டேன் என்று அவள் தலைமேல் கைவைத்துச் சொன்னேன்.

மேடம் கணக்கில் நாங்கள் செய்த தப்பு இதுதான்: நாளைக்கு ஷூட்டிங் என்று முதல் நாளே மேடு முழுக்கச் சொல்லிவிட்டோம். விடிந்தால் மேட்டையே அடையாளம் தெரியவில்லை. படி முழுக்கக் கழுவி, வாசல்தோறும் கோலம். வராத நாளுக்கென்று சேர்த்து வைத்திருந்த தண்ணியை எடுத்துக் கழுவியிருந்தார்கள், பைத்தியங்கள்! ராஞ்சிப் பையனின் அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் வேர்த்து வழிந்தார். கோட்டுக்குப் பொத்தான் மாட்டவில்லை, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே நின்றார். பெங்காலிப் பெண்ணின் அம்மா முகம் முழுக்கப் பவுடர். பாய் கடையில் பிஸ்கட் டப்பாவையெல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். "நல்லா தெரியறமாதிரி எடும்மா. கடையில சரக்கு இல்லன்னு எவனும் சொல்லிடக் கூடாது."

அம்மா பட்டுக் கட்டியிருந்தாள். மாம்பழக் கலர். பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு வாங்கியது, கல்யாணத்துக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் போகவே முடியாமல் போனது. டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தச் சேலை வெளியே வந்ததே அபூர்வம். நீல டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அதைத் தட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "இவதான் எங்க வீட்டு மகாராணி. இவ நெறஞ்சிருந்தா வீட்ல சண்டையே இல்ல. காஞ்சிருந்தா புருசன் பொண்டாட்டி பேச்சே இல்ல." நான் சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது.

மேடம் அதைப் போட்டுப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"எல்லாரும் டிரஸ் பண்ணிட்டு நிக்கறாங்களேம்மா. ரா-வா இல்லையே. ரியல்-ஆ வேணும்."

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். "ரா-ன்னா?"

"அதாவது… இயல்பா. தினமும் எப்படி இருப்பீங்களோ, அப்படி. ஒரு பழைய நைட்டி போட்டுக்கிட்டுக் குடத்தைத் தூக்கிட்டுப் படியேறி வாங்களேன். ரொம்ப டச்சிங்கா இருக்கும்."

"ஏன் மேடம், உங்க கல்யாண ஆல்பத்துல நைட்டியோடதான் நின்னீங்களா?" என்றாள் அம்மா.

பாய் மகன் 'க்ளுக்' என்றான். மேடமும் சிரித்துச் சமாளித்தார். எனக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படம் எடுக்கிறார்கள் என்றால் தலை வாரிக்கொள்வதுதான் மனுஷ இயல்பு. அதற்குமேல் என்ன இயல்பு வேண்டும்? "இதுதான் மேடம் எங்க படம். அம்மா தண்ணி நாள்ல எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எடுக்கமாட்டோம்" என்றேன். "ஓகே ஓகே, உங்க இஷ்டம்" என்றார். "லேப்டாப்ல போட்டுக் கொஞ்சம் ட்ரிம் மட்டும் பண்ணித் தர்றேன்."

படத்தைப் போட்டுக்காட்டியது ஊருக்குள் ஒரு கூடத்தில். மேடே இறங்கி வந்திருந்தது. அம்மா ஹோட்டலில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அதே பட்டில் வந்தாள். முன்வரிசையில் அதிகாரிகள், அமைப்பின் பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள். நடுவே நடைபாதையில் ஒரு மேசைமேல் ப்ரொஜெக்டர். சென்னைக்குப் போகும் படம் எது என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் படம் வந்தது. கோட்டுக்காரர் திரையில் மூச்சை இழுத்துப் பிடித்ததும் எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். அம்மா மகாராணியைப் பற்றிச் சொன்னதும் அதிகாரிகளே சிரித்தார்கள். அம்மா பெருமையில் நெளிந்தாள்.

அடுத்து வந்ததை நாங்கள் எடுக்கவில்லை.

தண்ணி நாள். அம்மா. அவ்வளவுதான் சொல்வேன். எங்களுக்குத் தெரியாமல் ஒரு விடியற்காலையில் மேடம் கீழே ரோட்டில் நின்று தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார். அம்மா என்ன உடுத்தியிருந்தாள், எப்படி ஏறினாள், படியில் என்ன ஆனது என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் கேட்டாலும் எழுதமாட்டேன். எழுதினால் அந்தக் கேமராவுக்கும் என் பேனாவுக்கும் என்ன வித்தியாசம்? பின்னணியில் வயலின் வேறு அழுதது. எங்கள் மேட்டில் வயலின் வாசிப்பவர் ஒருத்தரும் கிடையாது.

கூடத்தில் 'ச்சு ச்சு' என்று சத்தம் கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். அம்மா பட்டு முந்தானையை இழுத்து இழுத்து உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. எழுந்து போய் ப்ரொஜெக்டருக்கு முன்னால் நின்றேன். என் நிழல் திரையை அடைத்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் படம் தெரிந்தது. ராஞ்சிப் பையன் வந்து அந்த ஓரத்தில் நின்றான். பெங்காலிப் பெண் வந்தாள். பாய் மகன் வந்தான். நான்கு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம்.

"பைட்டோ! பைட்டோ!" என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். உட்காருவதாவது!

மேடம் ஓடிவந்தார். "என்னம்மா பண்றே? உட்காரு. அங்கே பாரு, எத்தனை பேர் அழறாங்க. இதைத்தான் செலக்ட் பண்ணப்போறாங்க. சென்னைக்குப் போகவேண்டாமா?"

"அழட்டும் மேடம். அந்தக் கண்ணீரக் குடத்துல புடிச்சுட்டுப் போகவா? கீழ எங்க வரிசை நீளமாத்தான் இருக்கு."

"உன் அம்மாவோட கஷ்டம் எல்லாருக்கும் தெரியவேண்டாமா?"

"எங்கம்மா வேணாம்னாங்க. உங்களுக்குக் கேட்டுச்சு. கேட்டும் எடுத்தீங்க."

வயலின் நிற்கவில்லை. இருட்டில் நாற்காலி நகரும் சத்தம். அம்மா எழுந்து வந்தாள். எங்களைத் தாண்டி, நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். போர்த்தியிருந்த முந்தானையை உதறிச் சரியாகப் போட்டுக்கொண்டாள். எங்களைப் பார்த்து, "நகருங்கடா" என்றாள். நகர்ந்தோம். வெளிச்சம் முழுவதும் மாம்பழப் பட்டின்மேல் விழுந்தது.

எல்லோருக்கும் புரியவேண்டும் என்று அம்மா எங்கள் தீவு ஹிந்தியில் பேசினாள்.

"மே இதர் ஹை. உதர் க்யா தேக்தா?"

நான் இங்கே இருக்கேன், அங்கே என்ன பார்க்குறீங்க? யாரோ விளக்கைப் போட்டார்கள். யாரோ படத்தை நிறுத்தினார்கள். பாய்தான் முதலில் கை தட்டினார், அப்புறம் கோட்டுக்காரர், அப்புறம் மேடே தட்டியது. முன்வரிசை தட்டவில்லை. தட்டாவிட்டால் போகிறது.

சென்னைக்கு வேறு படம் போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என்னால உன் ரயிலு போச்சேடி?"

"போனா போவுது. அது என்ன, தண்டவாளத்த விட்டு எங்கயும் ஓடிடாதுல்ல."

சில வருஷம் கழித்து என் சொந்தச் சம்பாத்தியத்தில் ரயிலில் ஏறினேன். நீளமாக இருந்தது. அவ்வளவுதான்.

படம் போட்டதற்கு மறுநாள் தண்ணி நாள். இருட்டோடு அம்மா எழுப்பினாள். குழாயடியில் வழக்கமான கூட்டம், வழக்கமான சண்டை. அம்மா இரண்டு குடத்தோடு முன்னால் ஏறினாள், நான் பின்னால் ஏறினேன். முந்தின நாள் கூடத்தில் விசிலடித்த ஆட்கள் எல்லோரும் எங்களைக் கடந்து இறங்கினார்கள். ஒருவரும் அம்மாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "என்னடி, பின்னாடியே நின்னு வேடிக்க பாக்குற? ஏறு" என்றாள் அம்மா.

இப்போதும் நான் மேட்டில் படம் எடுக்கிறேன். முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன். படி கழுவுகிறார்கள், பவுடர் பூசுகிறார்கள், எடுக்கிறேன். தண்ணி நாளில் என் அம்மா எப்படி இருப்பாள் என்று எங்கள் மேட்டுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை.