கானா நாட்டு டிரைவரின் விண்ணப்பம்

எங்கள் இணையக் குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஆறு வருடங்களாக என்னிடம் இருக்கிறது. சென்னையில் குடியிருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கான குழு அது. பென்ஷன் சந்தேகம், கேன்டீன் கார்டு, யாராவது காலமானால் தகவல், இவ்வளவுதான் அங்கே பேச்சு. மயிலாப்பூர் வீட்டு மாடியறையில் காலைக் காபியோடு உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்ப்பேன். பணி எண், படைப்பிரிவு, ஓய்வு பெற்ற வருடம். மூன்றும் சரியாக இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

சாந்தோம் குப்பத்துக்காரர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். ராணுவத்தில் என் யூனிட்டில் டிரைவர். நான் சுபேதாராக ஓய்வு பெற்றேன், அவர் அதற்குக் கீழே ஹவில்தாராக. ஊருக்கு வந்த பிறகும் ராணுவ வழக்கப்படி என்னை 'சாப்' என்றுதான் கூப்பிடுவார்.

ஐ.நா. அமைதிப்படையில் நாங்கள் ஆப்பிரிக்காவில் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் அவருடைய லாரி சேற்றில் புதைந்துவிட்டது. பின்னால் வந்த கானா நாட்டு ராணுவ லாரியும் மாட்டிக்கொண்டது. இரண்டு டிரைவர்களும் மூன்று நாள் அங்கேயே கிடந்தார்கள். இரண்டாம் நாள் இவருக்கு மலேரியாக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. கானாக்காரர் இவர் நெற்றியில் ஈரத்துணி போட்டு, மழைத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்து, மூன்றாம் நாள் இவரைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தார். முகாம் வாசலில் அவரிடமிருந்து இவரை வாங்கிக்கொண்டது நான்தான். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இவர் பிறகு கேட்டு வாங்கி வைத்திருந்த முகவரியும் ஊர் திரும்பும்போது தொலைந்துபோயிற்று.

ஒன்றரை வருடத்துக்கு முன் இவர்தான் குழுவில் அந்தப் பேச்சை எடுத்தார். நம்மோடு சேர்ந்து பணியாற்றிய கானா போன்ற நேச நாட்டு வீரர்களையும் சேர்க்கலாமே என்று எழுதினார். "கானாவா? பாட்டுக் கச்சேரியா மச்சி?" என்று ஒருவர் கிண்டலடித்தார். நிறையப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீளமாக மறுப்பு எழுதினேன். நம் பிள்ளைகள் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். யாருக்கு எங்கே மாற்றல் என்று இங்கே கவனமில்லாமல் பேசிக்கொள்கிறோம். வெளிநாட்டு வீரர் என்று சொல்லிக்கொண்டு வருவது யாரென்று எப்படித் தெரியும்? வாக்கெடுப்பில் என் பக்கம் ஜெயித்தது. அந்த வாதம் முழுக்கத் தவறென்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை டிரைவர் எனக்குப் போன் செய்தார்.

"இன்னா சாப், அவன் இன்னா ஸ்பையா? என்னைத் தோள்ல தூக்கினு வந்தவன் சாப்."

"உன் ஆளை எனக்குத் தெரியும். மத்தவங்களை எப்படி நம்பறது?"

"செரி, வுடுங்க சாப்."

சில மாதங்களில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறு மருத்துவமனைக்கு அவர் போகும் நாட்களில் நானும் பஸ்ஸில் கூடப் போவேன். ஒருநாள் ரத்தப் பரிசோதனைக்காகப் பெஞ்சில் காத்திருந்தபோது கேட்டார்.

"சாப், நம்ம க்ரூப்ல வெளிநாட்டுக்காரன் யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"இல்லையே."

"க்ரூப்போட வெளிப் பக்கத்துல நம்ம எல்லார் போட்டோவும் கீதுல்ல? அதைப் பாத்தான்னா கண்டிப்பா வருவான்."

"வந்தா சொல்றேன்."

பொய் சொல்ல நினைத்து 'இல்லையே' என்று சொல்லவில்லை. வந்த விண்ணப்பங்களைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து அவர் இறந்துபோனார். குழுவின் பொதுப் பக்கத்தில் அவர் படத்தோடு இரங்கல் போட்டேன். மூன்றாம் நாள் காலை ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் வந்தது. 'இறந்தவர் என் நண்பர். நான் முன்பே ஒருமுறை எழுதியிருந்தேன். அது அவர் கைக்குப் போனதா?'

நிராகரித்தவற்றின் பட்டியலைத் திறந்து தேடினேன். இருந்தது. 'உங்கள் குழுப் படத்தில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவரும் நானும் மூன்று நாள் சேற்றில் கிடந்தோம். என்னைச் சேர்க்க முடியாவிட்டால் பரவாயில்லை. என் எண்ணை மட்டும் அவரிடம் கொடுங்கள்.' கீழே போன் நம்பர். தேதியைப் பார்த்தேன். பெஞ்சில் அவர் என்னைக் கேட்டதற்குப் பதினொரு நாள் முன்பு வந்திருக்கிறது.

சாந்தோமுக்கு நடந்தே போனேன், எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவர் மனைவி அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ படிக்கவே இல்லியா அண்ணே?"

"இல்லம்மா. பணி எண்ணைப் பார்த்தேன். நம்ம நம்பர் மாதிரி இல்லை. தள்ளிட்டேன்."

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "வலியில புரண்டுக்கினு இருக்கும்போதுகூட அவன் கதையத்தான் சொல்லுவாரு. நாலு மாசம் இருந்துச்சே அண்ணே. ஒரு வார்த்த பேசிருப்பாரே."

மன்னிப்பு என்ற சொல்லை ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "அந்த நம்பரக் குடு."

அவர்கள் மகள் வீடியோ அழைப்புப் போட்டாள். திரையில் நரைத்த தலையோடு ஒரு முகம் வந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கானாக்காரருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அழுதார்கள். மாலை போட்ட படத்தின் பக்கம் மகள் போனைத் திருப்பியதும், கானாக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சல்யூட் அடித்தார். வெகுநேரம் கையை இறக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

நடந்ததைக் குழுவில் ஒன்றுவிடாமல் எழுதினேன். மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. நம்மோடு பணியாற்றியவர் என்று உறுப்பினர் ஒருவர் சாட்சி சொன்னால், தனிப் பகுதியில் சேர்க்கலாம் என்று முடிவானது. கானாக்காரருக்கு நான் சாட்சி சொன்னேன். சேர்ந்த அன்றே, 'என்னை ஏற்றுக்கொண்ட நிர்வாகிக்கு நன்றி' என்று எழுதினார். நான் எழுதியதெல்லாம் தமிழில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

சாந்தோம் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவை எப்போதாவது பார்ப்பேன். "நல்லாக்கீறீங்களா அண்ணே" என்பார். நான் பதில் சொல்லும்முன் பஸ்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை, முதல் விண்ணப்பத்தை நிராகரித்தது நான்தான் என்று கானாக்காரருக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அன்றைக்கே படித்துவிட்டார் என்று திரை காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.