கடைசிச் சரணத்தின் மேல் அடித்த மேளம்

என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒரு கசெட் கிடக்கிறது. முதுகில் மாமியின் கையெழுத்து: 'தொட்டில் பாட்டு, முழுசா.' அந்த 'முழுசா'வைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போலிருக்கும்.

மாமி கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் மேடை நாடகங்களில் பாடியவர். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு தொட்டில் பாட்டு. தாய் தொட்டிலை ஆட்டி ஆட்டிப் பாடுவாள். சபை சொக்கிப்போய் இருக்கும். கடைசிச் சரணத்தில்தான் தொட்டில் சேலையை விலக்கிக் காட்டுவாள். உள்ளே ஒன்றுமில்லை. பிள்ளை செத்து எத்தனையோ நாள். சபையிலிருந்து யாரோ பதிவு செய்த கசெட், இருமலும் விசும்பலுமாகப் பிரதிக்கு மேல் பிரதியாகிக் கனடாவுக்கும் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்காபரோ இசைக்குழு ஒன்று கீபோர்ட் வைத்துப் பாடியது. கடைசிச் சரணத்தை விட்டுவிட்டது. மிசிசாகாவில் ஒருவர் சீடி போட்டபோது டிரம்ஸ் சேர்ந்து, வேகமும் இரட்டிப்பானது. பிறகு வந்தவர்கள் மூலப்பாட்டைத் தேடவே இல்லை. தாலாட்டுத்தானே என்று பிறந்தநாள் விழாக்களிலும் போட்டார்கள். செத்தவீட்டில் கேக் வெட்டுகிற கூத்து.

நான் மட்டும் திறமோ? மில்லிக்கனில் என் வீட்டுக் கீழ்த்தள பேஸ்மென்ரில் ஒரு பதிவுக் கருவி வைத்திருந்தேன். சனி ஞாயிறுகளில் விழாக்களுக்குக் கீபோர்ட் வாசித்தேன். ஒரு பின்னேரம் மாமி வந்தார். பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் நின்று சொன்னார்: "தம்பி, எனக்கு ஒருக்கா முழுசாப் பாடவேணும். கடைசிச் சரணத்தை வெட்டிப்போடாதை."

அவருடைய மகனை ஊரில் பிடித்துக்கொண்டு போய் ஆறு வருடம். அவன் இல்லை என்று மாமி ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் அவனுக்கும் ஒரு புதுச் சேர்ட் வாங்கி வைப்பார். அன்று பாடினார். கடைசிச் சரணத்தில் குரல் உடையவே இல்லை. முடித்துவிட்டு, "இப்ப சொல்லிப்போட்டன்" என்றார். கசெட்டில் தன் கையாலேயே எழுதி, "நீயே வைச்சிரு" என்று தந்துவிட்டுப் போனார். அந்த வருடம் அவர் சேர்ட் வாங்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளான சடங்கு. நான் வாசிக்கிற இசைக்குழுவின் அண்ணை போன் எடுத்தார்: "பிள்ளை மண்டபத்துக்குள்ள வரேக்கை உந்தத் தொட்டில் பாட்டைப் போடுவம். கடைசித் துண்டு வேண்டாம், அபசகுனம்." புதுக் கசெட் வாங்கக் கடைக்குப் போகப் பஞ்சி, சோம்பல். பிரதி எடுக்கவும் பஞ்சி. மாமியின் கடைசிச் சரணத்தின் மேலேயே கல்யாண மேளத்தைப் பதிவு செய்தேன். கைதட்டு வாங்கும் என்ற நப்பாசையும் இருந்தது.

வாங்கியது. மண்டபமே கைதட்டியது. ஆராத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்குள் மாமியும் நின்றார். அவர் வருவார் என்று நான் யோசித்துப் பார்க்கக்கூட இல்லை. தன் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். மேளம் வந்ததும் தட்டை மேசையில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மிச்சம் எங்கை தம்பி?"

"ரேப் நீளம் காணாமப் போச்சு மாமி."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "ஓம், காணாதுதான்" என்றார்.

பிறகு அவர் பாடவே இல்லை. அடுத்த வருடப்பிறப்புக்கு இரண்டு சேர்ட் வாங்கினார், விட்ட வருடத்துக்கும் சேர்த்து.

மாமி இப்போது இல்லை. அந்தப் பாட்டு எங்கள் ஆட்களின் பேரப்பிள்ளைகளுடைய போன்களில் அரை நிமிடத் துண்டாக ஓடுகிறது. நேற்றும் கசெட்டைப் போட்டுக் கேட்டேன். தொட்டில் ஆடுகிறது, மாமி பாடுகிறார், கடைசிச் சரணத்துக்கு மூச்சு எடுக்கிறார். அதோடு என் மேளம் தொடங்கிவிடுகிறது.